ஊதா நிறமும் இல்லச் சுவரும்

மனிதன் உண்ணவும் உறங்கவும் ஓர் இடம் பெற்றவுடன் அவ்விடத்தை அழகு செய்ய விழைகின்றான். வாயிலிற் கோலமிடுவதும், சுவருக்கு வெள்ளையடிப்பதும், மரத்தூணுக்கு எண்ணெய் பூசுவதும் அவ்விழைவின் விளைவுகளே. நம் இல்லங்களின் சுவர்கள் நெடுங்காலம் வெண்மையாகவே இருந்தன. பின்னர் இளமஞ்சளும் இளநீலமும் இளம்பச்சையும் வந்து சேர்ந்தன. இப்பொழுதோ பெயிண்டுக் கடையில் நிற அட்டையை விரித்தால், நன்கு கனிந்த நாவற்பழத்தின் தோலையொத்த கரிய ஊதாவும் அதன்கண் இடம் பெற்றிருக்கக் காண்கிறோம். மனை கட்டுவோர் சிலர் அதன் கவர்ச்சியில் ஈடுபட்டு ஆராயாது பூசுகின்றனர். வேறு சிலர், வீடு இருண்டுவிடும் என்று அஞ்சி ஆராயாது விலக்குகின்றனர். ஆதலின், அவ்வூதா எவ்வாறு சுவருக்கு வந்தது, சுவரில் அஃது எங்ஙனம் தொழிற்படுகின்றது, எவ்வறையில் எம்முறையில் அதனைப் பூசலாம் என்னும் மூன்றினையும் இங்குச் சுருங்க ஆராய்வோம்.

அரசர்க்குரிய நிறம்

பண்டைக் காலத்தில் ஊதா நிறம் செல்வர்க்கும் அரசர்க்குமே உரியதாயிருந்தது. மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையிலுள்ள தீரு, சீதோன் என்னும் பட்டினங்களில் வாழ்ந்தோர், ஒருவகைக் கடல் நத்தையின் உடலிலுள்ள சிறு சுரப்பியிலிருந்து இச்சாயத்தை எடுத்தனர். தமிழ் வேதாகமத்தில் இரத்தாம்பரம் என்று கூறப்படுவது இவ்வகை ஆடையையே. அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் தீயத்தீரா ஊராளாகிய லீதியாள் இதனை விற்று வாழ்ந்தவள். இச்சாயத்தின் அருமையைக் கணக்கிட்டுக் காட்டியவர் பிரீட்லெண்டர் என்னும் இரசாயன அறிஞர். 1909-ஆம் ஆண்டில் அவர் 12,000 நத்தைகளைக் கொண்டு 1.4 கிராம் சாயமே பெற்றார். கி. பி. 301-இல் ரோமச் சக்கரவர்த்தி தியோக்கிளீசியன் பொருள்களுக்கெல்லாம் விலை வரையறுத்து ஓர் ஆணை பிறப்பித்தான்; அதன்கண் ஊதாச் சாயமேற்றிய பட்டு ஒரு ராத்தலுக்கு 1,50,000 தெனாரி என்று விதிக்கப்பட்டது.

ஆடைக்கே இத்துணை அரிதாய நிறம் சுவருக்குக் கிட்டுவது எளிதோ? ஆயினும் மக்கள் முயன்றனர். ஈஜியன் கடலிலுள்ள தேரா என்னும் தீவில், ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலிற் புதையுண்ட அக்ரோத்திரி நகரத்தின் சுவரோவியங்களில், கடல் நத்தையின் ஊதா தீட்டப்பட்டிருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டறிந்துள்ளனர். அஃது ஓவியத்தின் சிற்சில இடங்களுக்கே போதுமானது. சுவர் முழுவதும் பூச எவராலும் இயலவில்லை.

சுவர் முழுவதையும் ஊதாவாக்க விரும்பிய அரசர் சாயத்தை விட்டுக் கல்லை நாடினர். எகிப்து நாட்டின் கிழக்குப் பாலைவனத்தில் வெட்டப்பட்ட பார்பிரி என்னும் செவ்வூதாக் கல்லைக் கப்பலேற்றிக் கொணர்ந்தனர். கான்ஸ்டாண்டிநோபிள் அரண்மனையில் அக்கல்லால் அமைந்த ஓர் அறை இருந்தது. பேரரசியர் மகப்பேற்றுக்கென்றே ஒதுக்கப்பட்ட அவ்வறையிற் பிறந்த மக்கள் 'ஊதாவிற் பிறந்தோர்' என்னும் சிறப்புப் பெயர் பெற்றனர். 1083-இல் அங்குப் பிறந்த இளவரசி அன்னா கொம்னீனா, பிற்காலத்தில் தான் இயற்றிய வரலாற்று நூலில் அவ்வறையை வருணித்திருக்கின்றாள். இன்னும் பல நூற்றாண்டு கழித்து, ருஷிய நாட்டின் கடைசிச் சக்கரவர்த்தினியாகிய அலெக்சாந்திரா, சார்ஸ்கோயி செலோ அரண்மனையில் தன் இருப்பறைச் சுவர்களை இளம் ஊதாப் பட்டால் போர்த்தி அமைத்துக்கொண்டாள். கல்லாலும் பட்டாலும் அன்றி ஊதாச் சுவர் அமைவது அரிது என்பதற்கு இவை சான்றாம்.

இரசாயனம் அளித்த கொடை

இந்நிலையை மாற்றியவன் ஒரு மாணவன். 1856-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில், பதினெட்டு வயதினனாகிய வில்லியம் ஹென்றி பெர்க்கின், லண்டனிலிருந்த தன் வீட்டிலேயே ஒரு சிறு சோதனைச்சாலை அமைத்துக்கொண்டு, மலைக்காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினாவைச் செயற்கையாக ஆக்க முயன்றான். அவன் ஆசிரியர் ஹாப்மன் என்னும் பேரறிஞர். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் அனிலீன் என்னும் பொருளைக் கொண்டு செய்த ஒரு சோதனையில் கொயினா வரவில்லை. கருநிறச் சேறு ஒன்றே எஞ்சியது. பிறர் அதனைக் கொட்டிவிட்டுக் குப்பியைக் கழுவி வைத்திருப்பர். பெர்க்கினோ அதனைச் சாராயத்திற் கரைத்துப் பார்த்தான். அழகிய ஊதா நிறம் தோன்றிற்று. அதிற் பட்டுத் துணியைத் தோய்த்தான். நிறம் நன்கு பற்றியது. அவ்வாண்டிலேயே காப்புரிமை பெற்று, அடுத்த ஆண்டில் தொழிற்சாலையும் தொடங்கினான். 1858-இல் விக்டோரியா மகாராணி தம் மூத்த மகளின் திருமணத்துக்கு இந்நிற ஆடையை அணிந்து சென்றார். அரசர் ஏகபோகமாகத் துய்த்த நிறம் சில ஆண்டுகளிற் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது.

சுண்ணாம்பும் ஊதாவும்

ஆடைக்குக் கிடைத்த நிறம் உடனே சுவருக்கும் கிடைத்ததோ எனின், இல்லை. ஆடைக்கு வேண்டுவது நீரிற் கரைந்து நூலிழையுட் புகும் சாயம். சுவருக்கு வேண்டுவதோ கரையாமல் நின்று, மேற்பரப்பைப் போர்த்தி மறைக்கும் வண்ணப்பொடி. அன்றியும் சுண்ணாம்பும் சிமெண்டும் கடுங்காரத் தன்மை உடையவை. அக்காரத்தைத் தாங்கும் பொடிகள் சிலவே. காவியும் கருங்கரியும் தாங்கும். ஆதலின் அவை தொன்றுதொட்டுச் சுவரில் நிலைத்தன. 1868-இல் நூரெம்பெர்க் நகரில் வெளிவந்த மாங்கனீசு ஊதா அழகியதேயாயினும் காரம் பட்டால் சிதைந்துவிடும். அதற்குச் சிலவாண்டு முன்னர்த் தோன்றிய கோபால்ட் ஊதா காரத்தைத் தாங்கும். ஆனால் விலை மிகுதி, நிறம் தரும் வலிமை குறைவு. அதன் ஒரு வகையிற் பாஷாணமும் கலந்திருந்தது. இரும்புத் துருவினின்று பெறப்படும் செங்கருமை மலிவானது. எனினும் அஃது ஊதா எனப்படுவதினும் பழுப்பு எனப்படுவதற்கே தகுதியுடையது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டையாக்சசீன் ஊதா என்னும் பொடியும், 1958 முதல் குவினக்ரிடோன் என்னும் இனமும் விற்பனைக்கு வந்த பின்னரே இக்குறை நீங்கிற்று. இவை காரத்தையும் வெயிலையும் பெரிதும் தாங்குவன. இவற்றுள் முற்கூறியது கார்பசோல் என்னும் பொருளினின்று ஆக்கப்படுவது. அக்கார்பசோல் முதன்முதற் கண்டறியப்பட்டதும் நிலக்கரித் தாரிலேயாம். பெர்க்கின் துணிக்கு நிறம் கண்ட அதே கரிய தாரினின்று சுவருக்கும் நிறம் பிறந்தது வியப்பன்றோ? இன்று நம் தெருக்கடையில் விற்கும் ஊதாப் பெயிண்டுக்கு வழி திறந்தவை இப்பொடிகளே.

ஒளியின் கணக்கு

அரசர் பொன்னாற் கொடுத்த விலை இவ்வாறு நீங்கியது. எனினும் இந்நிறம் இன்னும் ஒரு விலை கேட்கின்றது, அவ்விலை ஒளியாம். இதனை உணராமற் பூசுவோரே பின்னர் வருந்துவர்.

வெள்ளைச் சுவரில் 100 பங்கு ஒளி பட்டால் ஏறக்குறைய 80 பங்கு மீளும் என்று கொள்வோம். மீண்ட ஒளி எதிர்ச்சுவரிற் பட்டு 64 பங்காகவும், மறுபடியும் பட்டு 51 பங்காகவும் திரும்பும். இவ்வாறு ஒரே விளக்கின் ஒளி அறை முழுதும் பன்முறை உலாவி மூலைமுடுக்கையும் விளக்குகின்றது. கரிய ஊதாவோ 100-க்கு 8 பங்கு அளவே மீட்டுத் தரும். அவ்வெட்டும் எதிரிலுள்ள ஊதாச் சுவரிற் பட்டால் ஒரு பங்குகூட எஞ்சாது. சாளரத்தினின்றோ விளக்கினின்றோ நேரே வரும் ஒளி ஒன்றே அங்கு உதவும், சுவர் உதவாது.

இதனால் விளையும் பயன்கள் இரண்டு. ஒன்று, அறையின் எல்லை கண்ணுக்குப் புலனாகாது மறைகின்றது. மூலைகள் நிழலிற் கரைவதால், சுவர் எங்கே முடிகின்றது என்று தெரியாத ஆழம் தோன்றுகின்றது. சிற்றறைக்குக் கரிய நிறம் ஆகாது என்னும் பொதுக்கொள்கை எப்பொழுதும் உண்மையன்று என்பது இதனாற் பெறப்படும். மற்றொன்று, விளக்கொளி படும் பொருள்கள், சிறப்பாக மனிதர் முகங்கள், கரிய பின்னணியில் தெளிவுற விளங்குகின்றன. பலர் கூடி உண்ணும் மேசையைச் சுற்றி இவ்வமைதி மிக இனிதாகும். ஆனால் நூல் படிப்போர்க்கும், தையல் வேலை செய்வோர்க்கும், முதுமையால் பார்வை மங்கினோர்க்கும் இதே அறை துன்பம் தரும். முதியோர் கண்ணின் உள்வில்லை மஞ்சள் படர்ந்து நீல ஒளியைத் தடுப்பதால், இளைஞர்க்கு ஊதாவாய்த் தோன்றும் சுவர் அவர்க்குக் கருஞ்சுவராகவே தோன்றக்கூடும். வீடு ஒருவர்க்கே உரியதன்று. பாட்டனும் பேரனும் சேர்ந்து வாழுமிடம். ஆதலின் நிறம் தேர்வோர் தம் கண்ணை மட்டும் கருதுதல் தகாது.

காலையும் மாலையும்

ஊதாவின் மற்றோர் இயல்பும் அறியத்தக்கது. பச்சையும் மஞ்சளும் வானவில்லில் தனித்தனியே உள்ளன. நாவற்பழ ஊதாவோ வானவில்லில் இல்லை; அதன் இரு முனைகளாகிய சிவப்பும் நீலமும் ஒருங்கே கண்ணிற் படும்போதே அது தோன்றுகின்றது. ஆகவே வரும் ஒளியில் இவ்விரண்டனுள் எது குறைந்தாலும் சுவரின் நிறம் மாறிவிடும். பகலில் வடக்குச் சாளரத்தின் வழியே வரும் வானொளியில் நீலம் மிகுதியாதலின் சுவர் நீலஞ்சார்ந்து குளிர்ந்து தோன்றும். இழை விளக்கின் மஞ்சளொளியில் நீலம் குறைவாதலின் அதே சுவர் செம்பழுப்பாக மாறும். இக்காலத்து எல்.ஈ.டி. விளக்குகளிற் சில சிவப்பைச் செவ்வனே தருவதில்லை. அவற்றின் கீழ்ச் சுவர் உயிரற்ற சாம்பல் நிறமாய்க் காணப்படும். பெட்டியின்மேல் நிறம் காட்டும் திறனைக் குறிக்கும் எண் அச்சிடப்பட்டிருப்பின், அது 90-க்குக் குறையாததைத் தேர்ந்து வாங்குதல் நலம்.

அந்திப்பொழுதில் நிகழும் மாற்றம் விளக்கினால் ஆவதன்று. நம் கண்ணினால் ஆவது. பொஹீமிய நாட்டு அறிஞர் புர்க்கின்யே 1825-இல் இதனை எடுத்துரைத்தார். ஒளி குறையக் குறையச் சிவப்பை உணரும் திறன் முன்னர் மறைகின்றது. நீலத்தை உணரும் திறன் பின்னும் நிற்கின்றது. செம்பருத்தியின் பூ மாலையில் கறுத்து, அதன் இலை விளங்கித் தோன்றுவதும் இதனாலேயே. ஊதாச் சுவரும் அந்நேரம் தன் சிவப்பை இழந்து கருநீலமாய் மாறிவிடும். 'மனநிலைக்கேற்ப மாறும் நிறம்' என்று இதனைப் புகழ்வோரும் உளர். மாறுவது மனநிலையன்று, ஒளியும் கண்ணுமேயாம்.

இனி, அயலே இருக்கும் நிறமும் ஒரு நிறத்தை மாற்றவல்லது. பாரிஸ் நகரத்துக் கோபலின் நெசவுச்சாலையில் சாயப்பகுதித் தலைவராயிருந்த செவ்ரூல் என்பவரிடம், நீல ஊதா ஆடைகளின் மடிப்புக்கு நிழலாக நெய்யும் கறுப்பு நூல் வெளிறியிருக்கின்றது என்னும் முறையீடு வந்தது. அவர் ஆராய்ந்து, நூலிற் குற்றமில்லை, அருகிலுள்ள ஊதாவே கறுப்பை வெளிறச் செய்கின்றது என்று கண்டார். இவ்வாராய்ச்சியின் முடிவுகளை 1839-இல் பெருநூலாக வெளியிட்டார். அவர் கண்ட விதியின்படி, எதிர்நிறங்கள் அடுத்திருந்தால் ஒன்றையொன்று சிறப்பிக்கும். ஊதாவுக்கு எதிர்நிறம் மஞ்சள். ஆதலின் பித்தளைக் குத்துவிளக்கு, தேக்குமர நாற்காலி, பிரம்புக்கூடை, சந்தன நிறத் திரைச்சீலை ஆகியவை ஊதாச் சுவரின்முன் பொலிவு பெறும். கறுப்பு மரச்சாமான் அதன்முன் தன் வலிமை இழக்கும். தூய வெள்ளைக் கதவு நிலையோ கண்ணை உறுத்தும். அதற்குத் தந்த நிறமே பொருந்தும்.

எவ்வறைக்கு ஏற்றது?

மேற்கூறியவற்றால், இரவிற் பெரிதும் பயன்படும் அறையே இதற்குரியது என்பது தெளிவு. உணவறை, படுக்கையறை, விருந்தினர் அமரும் சிற்றறை ஆகியவற்றுக்கு இது பொருந்தும். மாணவர் படிக்கும் அறைக்கும், அடுக்களைக்கும், மாடிப்படிக்கும், முதியோர் நடமாடும் நடைகூடத்துக்கும் பொருந்தாது. நான்கு சுவருக்கும் பூசத் தயங்குவோர் சாளரத்துக்கு நேர் எதிர்ச்சுவர் ஒன்றுக்கு மட்டும் பூசலாம். பகலொளி நேரே படுவதால் அங்கு நிறம் தன் உண்மை வடிவில் விளங்கும். சாளரமுள்ள சுவருக்கே பூசினால், வெளியொளியின் கூச்சத்தால் அது கருமையாகவே தோன்றும். வெளிப்புறச் சுவருக்குக் கரிய ஊதா வேண்டவே வேண்டா; நம் வெயிலில் அஃது ஒளியை உண்டு வெப்பமாக மாற்றி வீட்டினுட் செலுத்தும்.

விளக்கமைப்பும் மாறவேண்டும். கூரையின் நடுவே ஒரே விளக்கைத் தொங்கவிடும் வழக்கம் வெண்சுவரின் உதவியை நம்பியது. ஊதா அறைக்கு ஒரு பெரிய விளக்கினும், மேசைமேல் ஒன்றும் நாற்காலியருகில் ஒன்றும் படத்தின்மேல் ஒன்றுமாகச் சிறு விளக்குகள் மூன்று நான்கு நன்மை தரும்.

பூசும் முறை

நிற அட்டையின் சிறு துண்டைக் கண்டு முடிவு செய்தல் கூடாது. இரண்டடிச் சதுரப் பலகையொன்றில் அந்நிறத்தைப் பூசி, அறையின் ஒவ்வொரு சுவரிலும் சார்த்தி, காலை, நண்பகல், அந்தி, இரவு என்னும் நான்கு வேளையும் இரண்டு நாள் பார்த்தல் வேண்டும். வீட்டிலுள்ள முதியோரையும் பார்க்கச் சொல்லுதல் வேண்டும்.

புதுச்சுவராயின் பூச்சு வேலை முடிந்து 28 நாளேனும் உலரவிட வேண்டும். ஈரம் தங்கிய சுவரில் உப்புப் பூக்கும். வெண்சுவரில் மறையும் அவ்வெள்ளுப்பு ஊதாவில் நன்கு தெரியும். ஆகவே ஈரக்கசிவை நிறுத்திய பின்னரே வேலையைத் தொடங்குக. பின்பு பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்து, பிரைமர் அடித்தல் முறை. மறைக்கும் வலிமை தரும் வெள்ளைப்பொடி கரிய பெயிண்டுகளில் மிகக் குறைவு; ஆதலின் வெண்பிரைமரின்மேல் ஊதாவை அடித்தால் திட்டுத்திட்டாய்த் தோன்றும். பிரைமரிற் சாம்பல் நிறம் கலந்துகொண்டால் இரண்டு மூன்று கைப்பூச்சில் நிறம் நிரம்பும். பளபளப்பு மிக்க பெயிண்டு சுவரின் மேடுபள்ளத்தையெல்லாம் காட்டிவிடும். பளபளப்பே அற்றது கைபட்ட தடத்தைக் காட்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட மென்பளபளப்பு இல்லத்துக்கு ஏற்றது.

பழைய எண்ணெய்ப் பெயிண்டைச் சுரண்ட நேரின் எச்சரிக்கை வேண்டும். முற்காலப் பெயிண்டுகளில் ஈயம் கலந்திருத்தல் கூடும். அத்தூள் குழந்தைகளின் மூளைக்குக் கேடு செய்வது. இந்திய அரசு 2016-இல் வகுத்த விதிகள், வீட்டுப் பெயிண்டில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாதென 2017 நவம்பர் முதல் வரையறுத்தன. அதற்கு முற்பட்ட சுவரை உலர்ந்தபடி தேய்க்காமல் நனைத்துத் தேய்த்தலும், சிறுவரை அப்பாற் படுத்தலும், தூளை ஈரத்துணியால் துடைத்தெடுத்தலும் இன்றியமையாதன.

முடிவுரை

பன்னீராயிரம் நத்தைகளின் உயிரும், பாலைவனத்துக் கல்லும், பேரரசியின் பட்டும் ஒருகாலத்தில் ஊதாவுக்கு விலையாயின. ஒரு மாணவனின் விடாமுயற்சி அவ்விலையைக் குறைத்தது. பின்வந்த இரசாயன அறிஞர் அதனைச் சுவரிலும் நிலைபெறச் செய்தனர். இன்று எளிய குடும்பத்தினரும் அதனைப் பெறலாம். ஆயினும் ஒளியென்னும் விலையை ஒவ்வொரு வீட்டாரும் தாமே செலுத்தவேண்டும். அவ்வொளி எந்த வேளையில் மிகுதியாய் உள்ளது, யாருக்கு மிகுதியாய் வேண்டும் என்று முதலில் எண்ணிப் பார்த்து, எஞ்சிய இடத்தில் இந்நிறத்துக்கு இருக்கை தருவோமாக. அங்ஙனம் செய்யின், பகலெல்லாம் உழைத்துத் திரும்புவோர்க்கு இரவில் இளைப்பாற அமைதியான ஓர் அறை கிடைக்கும். வீட்டிலுள்ள எவர் கண்ணுக்கும் அது சுமையாகாது.